காத்திருக்கும் பள்ளி

பிப்ரவரி 6, செவ்வாய்

இன்று கரடி பறந்தது.

மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, பின்னல் நுனியைக் கடித்துக்கொண்டே, ‘கொடி பறந்தது’ என்ற வரியை அப்படித்தான் படித்தாள். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை. கரடி பறக்காது என்று அவளுக்கும் தெரியும். ஆனால் தாளில் இருப்பது அதுதான் என்று கண் சொல்கிறது. கண்ணை நம்புவதா, புத்தியை நம்புவதா? பாவம், கண்ணை நம்பிவிட்டாள்.

எங்கே சறுக்குகிறாள் என்று எனக்குத் தெரிகிறது. நம் எழுத்தில் கொம்பு முன்னால் நிற்கும், அதன் ஒலியோ பின்னால் வரும். ‘கொ’வில் கொம்பு ஒரு பக்கம், கால் மறுபக்கம். அந்தக் காலும் பார்ப்பதற்கு ‘ர’ மாதிரியே இருக்கிறது. ‘கெரடி’ என்று ஒன்று வாயில் வருகிறது. அப்படி ஒரு வார்த்தை இல்லையே என்று மூளை அதைக் கரடி ஆக்கிவிடுகிறது. நமக்கெல்லாம் ஏதோ ஒரு வயதில் இது தானாகச் சரியாகிவிட்டது. இவர்களுக்கு ஆகவில்லை. சோம்பேறி, கவனம் போதாது, வீட்டில் கண்டிப்பில்லை — ஆசிரியர் அறையில் பதினொரு வருடமாக இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் விடுப்பு எடுத்துக்கொண்டு இந்த ஆராய்ச்சிக்கு வந்தேன்.

என் வழி எளியது. விரலால் கொம்பை மறை. மிச்சத்தைச் சொல். விரலை எடு. இப்போது வாய் எப்படி மாறுகிறது என்று பார். அவ்வளவுதான். இது உண்மையிலேயே பலன் தருகிறதா, இல்லை எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா? அதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பிப்ரவரி 9, வெள்ளி

சீட்டுக் குலுக்கியாயிற்று. பேராசிரியர் இரண்டு துண்டுத் தாள்களை மடித்துத் தேநீர்க் கோப்பையில் போட்டார். துறை எழுத்தர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். முதல் பள்ளிக்கு இப்போதே பயிற்சி. இரண்டாம் பள்ளி காத்திருக்க வேண்டும். ஜூலையில் இறுதிச் சோதனை முடியும்வரை அங்கே வழக்கமான பாடம் மட்டும்தான். அப்புறம் அவர்களுக்கும் பயிற்சி உண்டு.

இரண்டாம் பள்ளியில்தான் தங்கை மகள் படிக்கிறாள். எங்கள் வீட்டு வாலு. நாங்கள் தேர்ந்தெடுத்த குழந்தைகளில் அவளும் ஒருத்தி. பேராசிரியரிடம் முன்பே சொல்லியிருந்தேன். “அவளை நீங்க சோதிக்க வேணாம், உதவியாளர் பார்த்துக்கட்டும்” என்று முடித்துவிட்டார்.

விதி எளிமையாகத்தான் இருக்கிறது. அதைத் தங்கையிடம் சொல்வதுதான் —

பிப்ரவரி 11, ஞாயிறு

சொன்னேன். பெரிய சண்டை.

முதலில் அவளுக்குப் புரியவே இல்லை. நான் பயிற்சி ஆரம்பிக்கிறேன் என்றதும் முகம் மலர்ந்து, “எந்தக் கிழமைக்கா? அன்னிக்கு அவளுக்குப் பாட்டு கிளாஸ் வேணாம்னு சொல்லிடறேன்” என்றாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே மீதியைச் சொல்ல வேண்டியிருந்தது.

“காத்திருக்கணுமா? எதுக்கு?”

“ரெண்டு பள்ளிக்கும் ஒரே நேரத்துல குடுத்தா, முன்னேற்றம் வந்தது என் வழியாலயா, இல்ல பிள்ளைங்க அஞ்சு மாசம் வளர்ந்ததாலயான்னு எப்படிடி தெரியும்?”

“உனக்குத் தெரியணும்கிறதுக்காக எம் பொண்ணு உக்காந்திருக்கணும்.”

“அப்படி இல்ல...”

“வேற எப்படி? பக்கத்து பெஞ்சுப் பிள்ளைங்க அவளுக்குத் ‘தடங்கல்’னு பேரு வெச்சிருக்குதுங்க. உனக்குத் தெரியுமா? அவ காத்திருக்கலக்கா. தினம் தினம் அவமானப்பட்டுக்கிட்டு இருக்கா. அதுக்குப் பேரு காத்திருப்பா?”

வீட்டில் இவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று அடிபட்ட அனுபவம் அவருக்கு நிறைய.

“வீட்டுல வெச்சு இவளுக்கு மட்டும் சொல்லிக்குடேன். யாருக்குத் தெரியப்போகுது?” என்றாள் கடைசியில்.

“எனக்குத் தெரியுமே.”

அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பெட்டியில் கட்டி வைத்திருந்த சப்பாத்தியைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

நான் என்ன கல்லா? அவளைத் தூக்கி வளத்தவளே நான்தானே. அவ பொண்ணு தடுமாறுறத பார்த்துத்தானே இந்த வழியையே யோசிச்சேன். இப்ப அவளுக்கே இல்லன்னு சொல்ற வாயும் என்னோடதாவா இருக்கணும்?

பிப்ரவரி 12, திங்கள்

தங்கை போனை எடுக்கவில்லை.

மார்ச் 4, திங்கள்

முதல் பள்ளியில் பயிற்சி ஆரம்பம். எங்களுக்குக் கொடுத்த இடம் விளையாட்டுச் சாமான் அறை. ரப்பர் வாடை. மூலையில் கிழிந்த வலை. காற்றுப் போன பந்துகளை ஓரமாக உருட்டிவிட்டுப் பாய் விரித்தேன்.

முதல் நாள் சொதப்பல். கொம்பை மறை என்றால் உள்ளங்கையால் பக்கத்தையே மறைக்கிறார்கள். ஒருத்தி, கொம்பு என் தலையில் முளைத்திருப்பதுபோல, என் நெற்றியை மறைக்க வந்தாள். ஒருவன் எழுத்தை விட்டுவிட்டுத் தன் விரலையே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். நான் செய்யும் ஆராய்ச்சியைவிட அது உருப்படியாக இருந்திருக்கும்.

ஆனால் கடைசிக் கால் மணி நேரத்தில் அவர்களே இதைக் கண்ணாமூச்சி ஆக்கிவிட்டார்கள். விரல் எடுத்ததும் கொம்பு “வந்துட்டேன்!” என்று கத்த வேண்டுமாம். அறை அதிர்ந்தது. பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கத்தட்டும். இதை நான் திட்டத்தில் எழுதவில்லை, இனி எழுதிக்கொள்கிறேன்.

மார்ச் 21, வியாழன்

பேராசிரியரிடம் கேட்டேவிட்டேன். காத்திருக்கும் காலத்தைச் சுருக்க முடியாதா? ஏப்ரலிலேயே சோதித்துவிட்டு அவர்களுக்கும் ஆரம்பித்தால் என்ன?

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: “பாதி வெந்த ஆராய்ச்சிய நம்பி எத்தனை வகுப்பறையில என்னென்னமோ பண்ணியிருக்காங்கம்மா. பிள்ளைங்க நேரம்தான் வீணாச்சு. உங்க வழி தப்பா இருந்தா? அது தெரியாம ஊர் பூரா பரப்பிட்டா? இந்த நாற்பது பிள்ளைங்க காத்திருக்கிறது, இனி வரப்போற நாலாயிரம் பிள்ளைங்களுக்காக.”

உண்மைதான். மறுக்க ஒன்றும் இல்லை. நாலாயிரம் பேரின் முகமும் எனக்குத் தெரியாது, அதுதான் கஷ்டம். வாலுவின் முகம் தெரியும்.

இருந்தாலும் நான் நம்புகிறேன், இப்படித்தான் செய்ய வேண்டும் என்று. நம்பாமல் செய்தால்தான் தப்பு.

ஏப்ரல் 12, வெள்ளி

வாலு தன் அம்மாவின் போனிலிருந்து கூப்பிட்டாள். அம்மா குளிக்கப் போயிருக்கிறாளாம்.

“பெரியம்மா, எம்மேல கோவமா?”

“உம்மேல எதுக்குடா கோவம்?”

“நான் நல்லாப் படிக்காததாலதான் நீயும் அம்மாவும் பேசலன்னு...”

இல்லடா கண்ணு, பெரியவங்க சண்டை, சீக்கிரம் சரியாயிடும் என்று ஏதோ சொன்னேன். ஒரு நிமிடம் — ஒரே நிமிடம் — ‘ஒரு புத்தகம் எடு, கொம்பு மேல விரல வை’ என்று வாய்வரை வந்துவிட்டது. முழுங்கிவிட்டேன்.

போனை வைத்தபின் இவர் கேட்டார்: “சொல்லிட்டியா?”

“இல்ல.”

“சொல்லியிருந்தா நிம்மதியா இருந்திருப்பியா?”

“இல்ல.”

“அப்ப ரெண்டுலயும் நிம்மதி இல்ல. வா, காபி போடறேன்” என்றார். போட்டார். பாலைப் பொங்கவிட்டு அடுப்பையும் கழுவ வைத்தார்.

மே 7, செவ்வாய்

காய்ச்சல். போனேன். கோடை விடுமுறையிலும் பயிற்சிக்கு வந்த குழந்தைகள் என் நெற்றிக் கொம்பை மறைத்துச் சிரிக்க வைத்தார்கள்.

ஜூன் 18, செவ்வாய்

முதல் பள்ளிக் குழந்தைகளிடம் மாற்றம் தெரிகிறது. பேசவே பேசாத ஒருத்தி, பள்ளி வாசலில் நின்ற வண்டியின் மேல் எழுதியிருந்த ‘மெதுவாகச் செல்லவும்’ என்பதை யாரும் கேட்காமலே வாய்விட்டுப் படித்தாள். படித்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள், நான்தான் அதை அங்கே எழுதி வைத்தேனோ என்பதுபோல.

ஆனால் எல்லோருக்கும் இல்லை. மூன்று பேர் போட்ட இடத்திலேயே நிற்கிறார்கள். அவர்கள் பிரச்சினை கொம்பு இல்லை. வேறு எங்கோ இருக்கிறது. அதையும் எழுத வேண்டும். நல்லதை மட்டும் பொறுக்கி எழுதினால் அது விளம்பரம்.

ஜூலை 3, புதன்

என்ன நடந்தது என்று வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

இரண்டாம் பள்ளியில் இறுதிச் சோதனை. முதலில் வந்தவள் கரடியைப் பறக்கவிட்ட அதே சிறுமி. வேறு வரிகள் கொடுத்தேன். ‘தொலைவில் கொக்கு நின்றது.’ அவள் குனிந்தாள். ஆள்காட்டி விரலை நீட்டினாள். ‘தொ’வின் கொம்பை மறைத்தாள். சொன்னாள். விரலை எடுத்தாள். “தொ... தொலைவில்.”

பேனாவைக் கீழே வைத்தேன்.

“யாரும்மா இப்படிச் சொல்லிக்குடுத்தாங்க?”

“மாடி வீட்டு ஆன்ட்டி.”

அடுத்தவனும் விரலை நீட்டினான். அதற்கடுத்தவளும். மொத்தம் ஏழு பேர். எல்லோருக்கும் அதே ஆன்ட்டி. பேக்கரிக்கு மேலே மாடி வீடு. அந்தப் படிக்கட்டை எனக்குத் தெரியும், அந்த வீட்டுக்குப் பால் காய்ச்சியதே நான்தான்.

பள்ளி முடிந்ததும் நேரே போனேன். வாசலில் சின்னச் சின்னச் செருப்புகள். கதவு திறந்திருந்தது. கூடத்தில் குழந்தைகள் வட்டமாக உட்கார்ந்திருக்க, நடுவில் தங்கை, பல் மருத்துவமனை வரவேற்பில் போட்டுக்கொள்ளும் அதே நீல உடுப்போடு. கையில் அட்டைகள். என்னைப் பார்த்தாள். கொஞ்சம்கூடத் திடுக்கிடவில்லை.

“வா. செருப்ப ஓரமா விடு, பிள்ளைங்க தடுக்கி விழும்.”

பாடம் முடியும்வரை ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். கோபத்தோடுதான் உட்கார்ந்தேன். ஆனால் பதினொரு வருட ஆசிரியை எங்கே போவாள்? பார்க்க ஆரம்பித்துவிட்டேன். பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறாள். நன்றாகவே செய்கிறாள். தப்பும் செய்கிறாள்: ‘க, எ, கெ’ என்று பிரித்துப் பிரித்துச் சொல்ல வைக்கிறாள், அது வேகத்தைக் கெடுத்துவிடும். அட்டைகளும் எப்போதும் அதே வரிசையில். கலைத்துக் காட்டினால் ஒருத்திக்கு ஒன்றுமே வராது என்று பார்த்த உடனே தெரிந்தது. அவள் அட்டையைப் பார்ப்பதே இல்லை, வரிசையை ஒப்பிக்கிறாள்.

பிள்ளைகள் போனதும் ஆரம்பித்தேன்.

“என்னடி பண்ணி வெச்சிருக்க?”

“நீதானே சாப்பாட்டு மேசையில உக்காந்து காட்டின, அந்த விரல. ஆராய்ச்சி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி. மறந்துட்டியா? இவளுக்கு மட்டும்தான் ஆரம்பிச்சேன். இவ போயி சிநேகிதிங்களக் கூட்டிட்டு வந்தா. அந்த அம்மாங்க வந்து கேட்டாங்க. எந்த வாயால முடியாதுன்னு சொல்றது?”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நிறுத்தச் சொல்லுவ.”

“ஆமா. சொல்லியிருப்பேன்.”

“அதான் சொல்லல.”

உள்ளறையிலிருந்து வாலு எட்டிப் பார்த்தாள். இருவரும் வாயை மூடிக்கொண்டோம். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

என் ரெண்டு வருஷம். ஏழு பிள்ளைங்க படிக்குது. சந்தோஷப்படணுமா, அழணுமா? ரெண்டும் சேந்து வருதே, என்ன செய்ய.

ஜூலை 4, வியாழன்

உதவியாளரிடம் சொன்னேன். சின்னப் பெண், கெட்டிக்காரி, என்மேல் பாசம். கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னாள்: “மேடம், அந்த ஏழு பேரும் சோதனை அன்னிக்கு வரலன்னு போட்டுட்டா? பிள்ளைங்க லீவு போடறது சகஜம்தானே. மிச்சம் இருக்கிறவங்கள வெச்சுப் பார்த்தா வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும். உங்க வழி ஜெயிச்சிடும்.”

ஜெயித்துவிடும். அதுதான் உண்மையும்கூட. பொய் சொல்லி நிரூபிக்கிற உண்மை.

யோசிக்கவில்லை என்று எழுத மாட்டேன். பேருந்தில் மூன்று நிறுத்தம் தாண்டிப் போகும்வரை யோசித்தேன். அப்புறம் இறங்கித் திரும்பி நடந்தேன். தங்கை பொண்ணுக்கே விட்டுக்கொடுக்காத விதியை எனக்காக மட்டும் விட்டுக்கொடுத்தால் நான் யார்? அவள் முகத்தில் எப்படி முழிப்பேன்?

ஜூலை 5, வெள்ளி

பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“ரெண்டு வருஷம் போச்சு” என்றார்.

“ஆமா சார்.”

“யாரும் கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்க, தெரியுமா?”

“தெரியும் சார்.”

எழுந்து வந்து, முதல் தடவையாக, எனக்கு அவரே தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

ஜூலை 22, திங்கள்

ஆய்வுக் குழுவின் முன் நின்றேன். நீள மேசை, ஐந்து பேர். ஒருவர் கேட்டார், “இந்த முறையை உங்கள் தங்கைக்கு யார் காட்டியது?” “நான்தான்.” “அதைத் தவிர்த்திருக்கலாம் அல்லவா?” “தவிர்த்திருக்கலாம்.” சுற்றி வளைக்காமல் பதில் சொன்னால் கூட்டம் சீக்கிரம் முடிகிறது.

தீர்ப்பு: இந்த ஆய்வை வைத்து முறை பலன் தருகிறது என்று சொல்ல முடியாது. நடந்ததை நடந்தபடி எழுதலாம். பட்டம் வேண்டுமென்றால் மறுபடி முதலிலிருந்து. விடுப்பும் ஆகஸ்டோடு முடிகிறது. இனி பள்ளி வேலையையும் பார்த்துக்கொண்டே, சனிக்கிழமைகளில்தான்.

முதலிலிருந்து. சரி. முதலிலிருந்தே.

வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதேன். பத்து நிமிடம். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு, அதே படியில் உட்கார்ந்து புதுத் திட்டத்தின் முதல் பக்கத்தை எழுதினேன். இந்தத் தடவை யாரும் சும்மா காத்திருக்கப் போவதில்லை. பாதிப் பேருக்கு விரல் வழி, பாதிப் பேருக்கு ஒருவர் வாசிக்கக் கேட்டுக்கொண்டே கூடப் படிக்கும் வழி. பாதியில் மாற்றிக்கொள்வோம். பாடம் நடத்துவதும் நான் இல்லை, அம்மாக்கள். அம்மாக்கள் எப்படியும் சொல்லிக்கொடுக்கத்தான் போகிறார்கள் என்றால், சரியாகச் சொல்லிக்கொடுக்கட்டும்.

பேராசிரியர் படித்துவிட்டு, “இது இன்னும் கஷ்டம். வித்தியாசம் கண்ணுக்கே தெரியாமப் போகலாம்” என்றார்.

“தெரியலேன்னா தெரியலேன்னு எழுதறேன் சார்.”

ஜூலை 24, புதன்

இரண்டாம் பள்ளியில் வாக்குக் கொடுத்தபடி பயிற்சி ஆரம்பம். வாலு முன்வரிசையில். தன் பெரியம்மா என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டாள். நன்றாகப் படிக்கிறாள் என்று சொல்ல முடியாது. ஆனால் தாளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. வரிசையை ஒப்பித்த சிறுமியிடம் அட்டைகளைக் கலைத்துக் கொடுத்தேன். அழுதுவிட்டாள். மடியில் உட்காரவைத்துப் புதிதாகத் தொடங்கினோம்.

செப்டம்பர் 9, திங்கள்

இரண்டு மாதமாகத் தங்கையிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. இன்று மதியம் வேலைக்கு நடுவில் ஒரு குறுஞ்செய்தி. எப்படி இருக்க, சாப்பிட்டியா, எதுவும் கிடையாது. நேராக: “ஒருத்தி ‘பெ’யும் ‘பே’யும் மாத்தி மாத்திப் படிக்கிறா. என்ன பண்றது?”

ஆசிரியர் அறையில் தனியாகச் சிரித்தேன். பக்கத்து ஆசிரியை என்னவென்று கேட்டார். “குடும்ப விஷயம்” என்றேன்.

பதில் எழுதினேன்: “சுழி ரெட்டையா ஒத்தையான்னு மட்டும் முதல்ல பார்க்கச் சொல்லு. எழுத்தோட பேர் சொல்ல வேணாம். ஒத்தைன்னா ஒரு தடவ, ரெட்டைன்னா ரெண்டு தடவ கையத் தட்டச் சொல்லு. அட்டையக் கலைச்சுக் காட்டு.”

“சரி.”

சாயங்காலம் இன்னொன்று வந்தது: “தட்டினா வருது.”

நவம்பர் 20, புதன்

நடந்ததை எழுதி அனுப்பியிருந்த கட்டுரை திரும்பி வந்துவிட்டது. ‘தெளிவான முடிவு எதுவும் இல்லை.’ முடிவு இல்லை என்பதைத்தானே பன்னிரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன்! உறையை மாற்றி வேறு இதழுக்கு அனுப்பிவிட்டேன். அதுவும் திரும்பினால் இன்னொன்று.

ஜனவரி 25, சனி

புது ஆய்வின் முதல் வகுப்பு. முதல் பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில், நீள பெஞ்சுகளில் அம்மாக்கள். சிலர் கைக்குழந்தையோடு, சிலர் வேலை முடிந்து நேராக. இரண்டு அப்பாக்கள் கடைசியில் கூச்சத்தோடு. உதவிக்கு வருகிறாயா என்று தங்கையைக் கேட்டிருந்தேன். “பார்க்கலாம்” என்றாள். வந்திருந்தாள். என் கண்ணில் படாதபடி கடைசி வரிசை நாற்காலியில்.

விரலை எப்படி வைப்பது, எப்போது எடுப்பது, அட்டையைக் கலைப்பது எல்லாம் செய்து காட்டினேன். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்தது.

“மேடம், ஒரு சந்தேகம்.”

மேடமாம்! சிரிக்காமல் இருக்கப் படாத பாடு பட்டேன்.

“சொல்லுங்கம்மா.”

“பிள்ளைக்குக் கோவம் வந்து புக்கத் தூக்கிப் போட்டுட்டு, நீ போ, உனக்குச் சொல்லித்தரத் தெரியலன்னு கத்திச்சுன்னா என்ன பண்றது?”

கூடம் முழுக்கச் சிரிப்பு. ஒவ்வொருத்தியும் பக்கத்திலிருப்பவளைப் பார்த்துத் தலையாட்டினாள். எல்லா வீட்டிலும் அது நடந்திருக்கிறது. என் திட்டத்தில் இதற்கு ஒரு பத்தி இருக்கிறது, அழகாக எழுதியிருக்கிறேன். அதைப் படித்துக் காட்ட வாயெடுத்தேன். அப்புறம் வேண்டாம் என்று தோன்றியது.

“நீங்க என்ன பண்ணுனீங்க? முன்னாடி வந்து சொல்லுங்களேன்.”

அவள் முறைத்தாள். வீட்டுக்கு வா, வெச்சுக்கறேன் என்கிற முறைப்பு, பத்து வயதிலிருந்து எனக்குப் பழக்கம். ஆனால் எழுந்துவிட்டாள். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து வந்து, சுண்ணக்கட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். “மொத தடவ நானும் பதிலுக்குக் கத்துனேன்” என்று ஆரம்பித்தாள்.

நான் பின்னால் போய், காலியாக இருந்த அவள் நாற்காலியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தேன்.